சுவிட்சின் ஃப்ளாஷ் கோப்புகளும் நேரம் குறித்த மறுதொடக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகக் கணினிகளையும் தொலைபேசிகளையும் கேபிளால் இணைக்கும் பெட்டிகளான சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சுகளைப் பராமரிக்கும் இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 2960, 3560, 3750 வரிசைகளை மனத்தில் வைத்து எழுதியது இது. 9000 வரிசைக்குத் தனிக் கேள்வி இருக்கிறது. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். சுவிட்சில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும்.

கோப்புகளைப் பற்றியும் மறுதொடக்கத்தைப் பற்றியும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்ச் தன் மென்பொருளையும் அமைவையும் (கான்ஃபிகரேஷன்) நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. ஃப்ளாஷில், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்பிடத்தில், இருக்கும் மென்பொருள் கோப்பை நீங்கள் இன்று அழித்துவிட்டாலும் சுவிட்ச் நிற்காது. விளக்குகள் மினுக்கும், தொலைபேசி ஒலிக்கும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு மின்வெட்டு வரும்போதுதான் அது எழுந்திருக்காமல் கிடக்கும். அன்று அந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு, என்றோ யாரோ ஒரு கோப்பை அழித்தது தெரிந்திருக்காது.

அதனால் மறுதொடக்கக் கட்டளையான ரீலோட் என்று அடிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சுவிட்ச் கண் விழிக்கும்போது எந்தெந்தக் கோப்பைப் பார்த்து விழிக்கும்?

ஃப்ளாஷில் இருக்கும் கோப்புகள் என்னென்ன?

'டிர் ஃப்ளாஷ்:' என்று அடித்தால் பட்டியல் வரும். முக்கியமானது 'பின்' என்று முடியும் ஐ.ஓ.எஸ். மென்பொருள் கோப்பு. ஐ.ஓ.எஸ். என்பது சுவிட்சை இயக்கும் சிஸ்கோவின் இயங்குதளம். சில சுவிட்சுகளில் அது நேராக மேல்மட்டத்திலேயே இருக்கும். சிலவற்றில் அதே பெயருள்ள ஒரு கோப்புறைக்குள், வலைப்பக்க மேலாண்மைக்கான கோப்புகளோடு இருக்கும்.

'கான்ஃபிக்.டெக்ஸ்ட்' என்பது நீங்கள் 'ரைட் மெமரி' கொடுக்கும்போது எழுதப்படும் தொடக்க அமைவு. இந்த வரிசைச் சுவிட்சுகளில் அது ஃப்ளாஷிலேயே சாதாரணக் கோப்பாக உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'பிரைவேட்-கான்ஃபிக்.டெக்ஸ்ட்' வெளியே காட்டக் கூடாத சாவி விவரங்களுக்கானது. 'விலான்.டாட்' விலான்களின் தரவுத்தளம். விலான் என்பது ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க். அதைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவிட்ச் எப்போதாவது நிலைகுலைந்து விழுந்திருந்தால் 'கிராஷ்இன்ஃபோ' என்ற பெயரில் அதன் பதிவும் இருக்கும்.

ஃப்ளாஷில் இடம் போதவில்லை. எதை அழிக்கலாம்?

2960-இன் ஃப்ளாஷ் வெறும் 32 எம்.பி. 2960-எஸ் வந்தபோது அது 64 ஆனது. பத்துப் பன்னிரண்டு எம்.பி. அளவுள்ள மென்பொருள் கோப்புகள் இரண்டு இருந்தாலே மூன்றாவதற்கு இடம் தேட வேண்டிவரும்.

முதலில் 'ஷோ வெர்ஷன்' பாருங்கள். இப்போது ஓடுவது எந்தக் கோப்பு என்று அதன் முழுப் பாதையோடு ஒரு வரி இருக்கும். பிறகு 'ஷோ பூட்' பாருங்கள். அடுத்த முறை எந்தக் கோப்பை எடுத்துத் தொடங்கும் என்று அது சொல்லும். இரண்டும் ஒரே கோப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்பு யாரோ மேம்படுத்தலைப் பாதியில் விட்டுப் போயிருக்கலாம். இந்த இரண்டு பெயர்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் இல்லாத பழைய மென்பொருள் கோப்பைத்தான் அழிக்க வேண்டும்.

'ஷோ பூட்' பட்டியலில் கோப்பின் பெயர் காலியாக இருந்தால் பதற வேண்டாம். அப்போது சுவிட்ச் ஃப்ளாஷை ஒவ்வொரு கோப்புறையாக உள்ளே புகுந்து தேடி, முதலில் கண்ணில் படும் இயங்கக்கூடிய கோப்பை எடுத்துக்கொள்ளும். இரண்டு மென்பொருள்கள் கிடக்கும் சுவிட்சில் இதை நம்பி இருக்காதீர்கள். 'பூட் சிஸ்டம்' கட்டளையில் கோப்பின் பெயரைத் தெளிவாகக் கொடுத்துவிடுங்கள்.

கோப்புறையை உள்ளடக்கத்தோடு அழிக்க 'டெலீட் /ஃபோர்ஸ் /ரிகர்சிவ்' இருக்கிறது. 'ஃபோர்ஸ்' சேர்த்தால் சுவிட்ச் உறுதி கேட்காது. கோப்புறையின் பெயரை விட்டுவிட்டு ஃப்ளாஷின் பெயரோடு என்டர் தட்டினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். நான் 'ஃபோர்ஸ்' சேர்ப்பதே இல்லை. பத்துத் தடவை என்டர் தட்ட வேண்டியிருந்தாலும் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துவிட்டு அழிப்பதே நல்லது.

கிராஷ்இன்ஃபோ கோப்புகளை இடத்துக்காக அழிக்க நேர்ந்தால், முதலில் அவற்றை வேறு கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள். சுவிட்ச் ஏன் விழுந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அழித்த கோப்பைத் திரும்பப் பெற முடியுமா?

இந்தச் சுவிட்சுகளில் முடியாது. ஆனால் தவறுதலாக மென்பொருள் கோப்பை அழித்துவிட்டதை உடனே உணர்ந்தால், சுவிட்சை அணைக்காதீர்கள். அது இன்னும் நினைவகத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நெட்வொர்க் உயிரோடு இருக்கிறது. அதே கோப்பை டி.எஃப்.டி.பி. (கோப்பு அனுப்பும் நெறிமுறை) வழியாக மீண்டும் ஏற்றிவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும்.

புதிய மென்பொருளை ஏற்றிய பிறகு எதைச் சரிபார்க்க வேண்டும்?

கோப்பு முழுதாக வந்ததா என்பதை. 'வெரிஃபை /எம்டி5' கட்டளை கோப்பின் கைரேகை போன்ற ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டுத் தரும். தயாரிப்பாளரின் பதிவிறக்கப் பக்கத்தில் இருக்கும் எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கோப்பின் அளவு சரியாக இருக்கிறது என்பது மட்டும் போதாது.

டி.எஃப்.டி.பி. மிக எளிய நெறிமுறை. இன்றும் வழக்கில் உள்ள அதன் வடிவம் 1992-இல் வரையறுக்கப்பட்டது. கடவுச்சொல் இல்லை, மறையாக்கம் இல்லை. தரவை 512 பைட் துண்டுகளாக அனுப்பி, துண்டுகளுக்கு 16 பிட் எண் கொடுக்கிறது. அதனால்தான் பழைய டி.எஃப்.டி.பி. நிரல்கள் 32 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பை அனுப்பும்போது நடுவில் நின்றுவிடுகின்றன. பெரிய கோப்புகளுக்கும், கடவுச்சொற்கள் அடங்கிய அமைவுக் கோப்புகளுக்கும், மறையாக்கத்தோடு அனுப்பும் எஸ்.சி.பி.யைப் பயன்படுத்துங்கள்.

'ரீலோட் இன்', 'ரீலோட் அட்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

'ரீலோட் இன் 15' என்றால் இப்போதிலிருந்து பதினைந்து நிமிடத்தில். 'ரீலோட் இன் 1:30' என்றால் ஒன்றரை மணி நேரத்தில். 'ரீலோட் அட் 02:00 15 ஜூன்' என்றால் அந்தத் தேதியின் அதிகாலை இரண்டு மணிக்கு. தேதி கொடுக்காவிட்டால் அந்த நேரம் அடுத்து எப்போது வருகிறதோ அப்போது: இன்று இன்னும் வராத நேரமாக இருந்தால் இன்றே, கடந்துவிட்ட நேரமாக இருந்தால் நாளை. எதுவானாலும் ஏறத்தாழ 24 நாட்களுக்குள் இருக்க வேண்டும். கட்டளையின் முடிவில் காரணத்தையும் எழுதலாம், 255 எழுத்து வரை இடம் உண்டு. தயவுசெய்து எழுதுங்கள். 'ஷோ ரீலோட்' பார்க்கும் சக ஊழியருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

'இன்' கடிகாரத்தை நம்பவில்லை, கழியும் நிமிடங்களை எண்ணுகிறது. 'அட்' முழுக்க முழுக்கக் கடிகாரத்தை நம்பியிருக்கிறது.

எங்கள் சுவிட்ச் 1993 மார்ச் 1 என்று காட்டுகிறதே?

2960 போன்ற சுவிட்சுகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் இல்லை. யாரும் நேரம் சொல்லாவிட்டால் ஒவ்வொரு முறை எழும்போதும் 1993 மார்ச் 1-இலிருந்து எண்ணத் தொடங்கும். 'ஷோ கிளாக்' கொடுக்கும்போது நேரத்தின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த நேரம் நம்பத்தக்கது அல்ல என்று சுவிட்சே ஒப்புக்கொள்கிறது என்று பொருள்.

நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் சொல்லும் என்.டி.பி. சேவையகம் ஒன்றைச் சுட்டிக் காட்டுங்கள். நேர மண்டலத்தையும் கொடுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் 'கிளாக் டைம்சோன்' கட்டளையில் 5 30. மண்டலம் கொடுக்காமல் என்.டி.பி. மட்டும் கொடுத்துவிட்டு 'ரீலோட் அட் 02:00' என்று சொன்னால், சுவிட்ச் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு காலை ஏழரை மணிக்கு மறுதொடக்கம் செய்யும். காலை வேலைநேர ஊழியர்கள் கணினியைத் திறக்கும் நேரம் அது.

தொலைவிலிருக்கும் சுவிட்சில் மாற்றம் செய்கிறேன். இணைப்பு அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

கிணற்றில் இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார். 'ரீலோட் இன்' அப்படிப்பட்ட கயிறு. மாற்றத்தைத் தொடங்குமுன் 'ரைட் மெமரி' கொடுத்து, இப்போதுள்ள நல்ல அமைவைச் சேமியுங்கள். பிறகு 'ரீலோட் இன் 15'. உறுதி கேட்கும், கொடுங்கள். அதன் பின் மாற்றத்தைச் செய்யுங்கள், ஆனால் சேமிக்காதீர்கள். மாற்றம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்', பிறகு 'ரைட் மெமரி'. மாற்றம் உங்களையே வெளியே தள்ளிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். பதினைந்து நிமிடம் முடிந்ததும் சுவிட்ச் மறுதொடக்கமாகி, சேமித்த பழைய அமைவோடு திரும்பி வரும்.

ஒரு கிளை அலுவலகச் சுவிட்சில், பல விலான்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டின் வழியே 30-ஆம் எண் விலானையும் அனுமதிக்க வேண்டியிருந்தது. அனுமதிப் பட்டியலில் சேர்ப்பதற்கு 'ஆட்' என்ற சொல் வேண்டும். அதை நான் விட்டுவிட்டேன். பட்டியலில் 30 சேர்வதற்குப் பதிலாக, பட்டியலே 30 மட்டும் என்றாகிவிட்டது. நான் நுழைந்திருந்த மேலாண்மை விலானும் அதோடு போயிற்று. திரை அப்படியே உறைந்தது. அந்தக் கிளைக்கு ஆறு மணி நேரப் பயணம். ஆனால் பத்து நிமிடங்களுக்கு முன்பு 'ரீலோட் இன் 15' கொடுத்திருந்தேன். ஐந்து நிமிடக் காத்திருப்பும், சுவிட்ச் எழுந்து நிற்க எடுத்துக்கொண்ட சில நிமிடங்களும்தான் இழப்பு. அன்றிலிருந்து அந்தக் கட்டளை இல்லாமல் தொலைதூரச் சுவிட்ச் எதிலும் நான் கை வைத்ததில்லை.

இந்தக் கயிறு அறுபடும் இடங்களும் உண்டு. அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வேறு யாராவது 'ரைட் மெமரி' கொடுத்துவிட்டால் தவறான அமைவே தொடக்க அமைவாகிவிடும். அது இன்னொரு பொறியாளராக இருக்கலாம், தானாகச் சேமிக்கும் மேலாண்மை மென்பொருளாகவும் இருக்கலாம். வேலையைத் தொடங்குமுன் 'ஷோ யூசர்ஸ்' கொடுத்து வேறு யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சுவிட்சில் 'பூட் மேனுவல்' போட்டிருந்தால் இதை முயலவே கூடாது. மறுதொடக்கத்துக்குப் பிறகு அது தானாக எழாது. மென்பொருளை ஏற்றும் சிறு நிரலான பூட்லோடரில் நின்றுகொண்டு, சுவிட்சில் நேராகச் செருகும் கன்சோல் கேபிளோடு யாராவது வரும்வரை காத்திருக்கும். 'ஷோ பூட்' பட்டியலில் இதுவும் தெரியும்.

இன்னொன்று மறதி. மாற்றம் சரியாக வேலை செய்கிறது என்ற மகிழ்ச்சியில் 'ரீலோட் கேன்சல்' கொடுக்காமல் எழுந்து போய்விடுவார்கள். சில நிமிடத்தில் தளம் முழுவதும் இணைப்பு போய்விடும். ரத்து செய்தபின் 'ஷோ ரீலோட்' கொடுத்து, திட்டமிட்ட மறுதொடக்கம் எதுவும் இல்லை என்ற வரியைக் கண்ணால் பார்த்த பிறகே திரையை மூடுங்கள்.

மறுதொடக்கம் எல்லா மாற்றத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுமா?

இல்லை. விலான்களை உருவாக்குவதும் அழிப்பதும் இதற்கு விலக்கு. வி.டி.பி. (விலான் பட்டியலைச் சுவிட்சுகளிடையே பரப்பும் நெறிமுறை) சர்வர் நிலையில் இருக்கும் சுவிட்சில் நீங்கள் ஒரு விலானை அழித்த கணமே அது 'விலான்.டாட்' கோப்பில் எழுதப்பட்டுவிடுகிறது. 'ரைட் மெமரி'க்கு அது காத்திருப்பதில்லை. மறுதொடக்கம் பழைய 'கான்ஃபிக்.டெக்ஸ்ட்'டைக் கொண்டுவரும், ஆனால் அழிந்த விலான் அழிந்ததுதான். அதில் இருந்த போர்ட்டுகள், இப்போது இல்லாத அந்த விலானைச் சுட்டிக்கொண்டு செயலற்று நிற்கும்.

ஆகவே விலான்களை அழிக்கும் வேலைக்கு 'ரீலோட் இன்' கயிறாகாது. அதற்கு முன் 'விலான்.டாட்' கோப்பை டி.எஃப்.டி.பி. சேவையகத்துக்கோ ஃப்ளாஷிலேயே வேறு பெயரிலோ நகலெடுத்து வையுங்கள். மிகச் சிறிய கோப்பு அது.

'ரீலோட்' கொடுத்ததும், அமைவு மாறியிருக்கிறது, சேமிக்கவா என்று கேட்கிறது. ஆம் என்பதா, இல்லை என்பதா?

திட்டமிட்ட பராமரிப்புக்காக மறுதொடக்கம் செய்கிறீர்கள், இப்போதுள்ள அமைவு நல்லது என்று தெரியும் என்றால், ஆம். தவறான அமைவிலிருந்து தப்பிக்க மறுதொடக்கம் செய்கிறீர்கள் என்றால், இல்லை. எதற்காகக் கேட்கிறது என்று படிக்காமல் ஆம் என்று தட்டுவது, தப்பிக்கும் கதவைத் தானே பூட்டுவதாகும்.

குறித்த நேரத்துக்கு முன் மின்சாரம் போய் வந்தால்?

திட்டம் மறைந்துவிடும். அது எந்தக் கோப்பிலும் எழுதப்படுவதில்லை.

சுவிட்ச் முன்கூட்டியே எச்சரிக்குமா?

உள்ளே நுழைந்திருப்பவர்களின் திரையில், நேரம் நெருங்க நெருங்க, இன்னும் இவ்வளவு நிமிடம் என்று அறிவிப்பு வரும். மேசையில் இருக்கும் பயனருக்கு அது தெரியாது. சுவிட்சிலிருந்து கேபிள் வழியே மின்சாரம் பெறும் தொலைபேசிகளும் வைஃபை கருவிகளும் கண்காணிப்புக் கேமராக்களும் அணைந்து எழும். மருத்துவமனை, காவல் அறை, தொழிற்சாலை வாயில் போன்ற இடங்களில் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி முன்னதாகவே நேரில் சொல்லிவிடுங்கள். பல 3750 சுவிட்சுகளை ஒன்றாக இயங்கும்படி இணைத்த அடுக்கில் வெறும் 'ரீலோட்' என்றால் அடுக்கிலுள்ள எல்லாச் சுவிட்சுகளும் போகும். ஒன்றை மட்டும் எழுப்ப 'ரீலோட் ஸ்லாட்' என்று அதன் எண்ணையும் கொடுக்க வேண்டும்.

மறுதொடக்கம் இல்லாமலே பழைய அமைவுக்குத் திரும்ப வழி உண்டா?

உண்டு, அது மேலானதும்கூட. 'ஆர்க்கைவ்' பிரிவில் அமைவுப் பிரதிகள் எங்கே சேர வேண்டும் என்று பாதையைக் கொடுத்துவிட்டு, 'கான்ஃபிகர் டெர்மினல் ரிவெர்ட் டைமர் 10' என்று நுழையுங்கள். பத்து நிமிடத்துக்குள் 'கான்ஃபிகர் கன்ஃபர்ம்' வராவிட்டால் சுவிட்ச் தானே பழைய அமைவை ஏற்றிக்கொள்ளும். கேமராக்கள் அணையாது, யாருக்கும் இணைப்பு போகாது. மிகப் பழைய ஐ.ஓ.எஸ். பதிப்புகளில் இது இருக்காது. அங்கே 'ரீலோட் இன்'தான் துணை.

அதே 'ஆர்க்கைவ்' பிரிவில் 'ரைட்-மெமரி' என்று சேர்த்தால் ஒவ்வொரு சேமிப்பின்போதும் ஒரு பிரதி சேவையகத்துக்குப் போகும். 'டைம்-பீரியட் 1440' என்றால் நாளுக்கொரு பிரதி, ஏனெனில் அது நிமிடக் கணக்கு.

வாரந்தோறும் சுவிட்ச் தானாக மறுதொடக்கமாகும்படி வைக்கலாமா?

வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நன்றாக இருக்கும் சுவிட்ச் ஆண்டுக்கணக்கில் நிற்காமல் ஓடும். வாரம் ஒருமுறை எழுப்பினால்தான் ஓடுகிறது என்றால் அதில் ஒரு நோய் இருக்கிறது. நினைவகம் கசியலாம், அந்த ஐ.ஓ.எஸ். பதிப்பில் பிழை இருக்கலாம், மின்வழங்கி தளர்ந்திருக்கலாம், மூடிய பெட்டிக்குள் வெப்பம் ஏறலாம். ஞாயிறுதோறும் மறுதொடக்கம் செய்தால் நோயின் தடயங்களும் ஞாயிறுதோறும் துடைக்கப்படும். 'ஷோ வெர்ஷன்' கடைசியாக ஏன் தொடங்கியது என்று சொல்கிறது, 'ஷோ பிராசஸ் மெமரி' யார் நினைவகத்தைத் தின்கிறார் என்று சொல்கிறது. இரண்டையும் சில நாள் குறித்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

தற்காலிகமாகவாவது வேண்டும் என்றால், கட்டளைகளை நேரம் குறித்து ஓட்டும் 'க்ரான்' வசதியில் 'ரீலோட்' ஓடாது, ஏனெனில் உறுதி கேட்கும் கட்டளைகளை அது ஏற்பதில்லை. ஈ.ஈ.எம். (ஒரு நிகழ்வு நேரும்போது தானாகச் செயல்படும் வசதி) இருக்கும் மாடல்களில் அதன் நேரங்காட்டியோடு மறுதொடக்கச் செயலை இணைக்கலாம். அதைச் செய்தால், எந்தத் தேதியில் நீக்கப் போகிறீர்கள் என்றும் எழுதி வையுங்கள்.

பழைய சுவிட்ச் ஒன்று வாங்கினோம். 'ரைட் இரேஸ்' கொடுத்து மறுதொடக்கம் செய்தும் பழைய விலான்கள் இருக்கின்றன.

'ரைட் இரேஸ்' தொடக்க அமைவை மட்டும்தான் அழிக்கும். 'விலான்.டாட்' கோப்பைத் தனியாக 'டெலீட்' செய்து, பிறகு மறுதொடக்கம் செய்யுங்கள். மறுதொடக்கம் முன்வைத்த சேமிப்புக் கேள்விக்கு இல்லை என்று சொல்லுங்கள்.

இதைச் செய்யாமல் அந்தச் சுவிட்சை நெட்வொர்க்கில் செருகாதீர்கள். வி.டி.பி. களப்பெயரும் கடவுச்சொல்லும் ஒத்துப்போய், அதன் திருத்த எண் (விலான் பட்டியல் மாறும்போதெல்லாம் கூடும் எண்) உங்கள் சுவிட்சுகளுடையதைவிட அதிகமாகவும் இருந்தால், மற்ற சுவிட்சுகள் அதன் பழைய பட்டியலைச் சரியானதாக எண்ணி ஏற்றுக்கொள்ளும். உங்கள் விலான்கள் எல்லாம் ஒரே மூச்சில் காணாமல் போகும்.

9000 வரிசையில் என்ன வேறுபாடு?

அங்கே மென்பொருள் பல பொதிகளாகப் பிரிந்து ஃப்ளாஷில் கிடக்கும். 'பேக்கேஜஸ்.கான்ஃப்' என்ற சிறு கோப்பு, எந்தெந்தப் பொதிகளைச் சேர்த்து எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லும். இடம் வேண்டும் என்று அந்தப் பொதிகளைக் கையால் அழிக்கவே கூடாது. 'இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ்' கொடுங்கள், பயனில் இல்லாதவற்றை அதுவே கண்டுபிடித்துப் பட்டியல் காட்டிக் கேட்கும். மேம்படுத்தலின்போது 'ஆக்டிவேட்' செய்த பிறகு 'கமிட்' கொடுக்காவிட்டால், வழக்கமாக 120 நிமிடத்தில் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும்.

சுவிட்ச் எழாமல் 'சுவிட்ச்:' என்று மட்டும் காட்டி நிற்கிறது. இனி என்ன?

கன்சோல் கேபிளோடு நேரில் போக வேண்டும். 'ஃப்ளாஷ்_இனிட்' கொடுங்கள், பிறகு 'டிர் ஃப்ளாஷ்:'. மென்பொருள் கோப்பு அங்கே இருந்தால் நல்ல செய்தி: 'பூட்' என்று அடித்து அதன் முழுப் பாதையைக் கொடுங்கள். எழுந்த பிறகு 'பூட் சிஸ்டம்' வரியைத் திருத்திச் சேமியுங்கள். பெரும்பாலும் பெயரில் ஓர் எழுத்துப் பிழைதான் காரணமாக இருக்கும்.

கோப்பே இல்லையென்றால் கன்சோல் வழியாகவே எக்ஸ்மோடம் முறையில் ஏற்ற வேண்டும். கன்சோலின் வழக்கமான வேகம் நொடிக்கு 9600 பிட். அந்த வேகத்தில் 10 எம்.பி. கோப்பு ஏற ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். 'செட் பாட் 115200' என்று கொடுத்து, உங்கள் கணினியின் டெர்மினல் நிரலையும் அதே வேகத்துக்கு மாற்றினால் கால் மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். ஏற்றி முடித்து 'பூட்' கொடுக்குமுன் 'அன்செட் பாட்' கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து கன்சோலில் செருகுபவர் 9600 வேகத்தில் வெறும் கிறுக்கல் எழுத்துகளைப் பார்த்து, சுவிட்ச் கெட்டுவிட்டது என்று நினைப்பார்.